சித்திக்கு நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்

எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் என்பது ஆட்களை விரட்டுவதற்காக உண்டான பாஷை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்னைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. பெரிய துரை ஜீப்பை விட்டு இறங்காமலே கையை நீட்டி "கோ, கோ!" என்பார். பாதையில் நின்ற சனம் விலகும், மாடு விலகும், நாங்களும் விலகுவோம். கோழியை விரட்ட "சூ", மனிதரை விரட்ட "கோ". இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

ஆகவே மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் பாடம் தொடங்கி, வாத்தியார் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, தன் நெஞ்சிலே கையை வைத்துக்கொண்டு "ஐ கோ" என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைத் தானே விரட்டிக்கொள்ளுகிற மனிதரும் உண்டா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பேசியதற்காக இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம்.

கஹவத்தையிலிருந்து கொடகவெல போகிற வழியில், பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருந்தது எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் ஒரே ஒரு மண்டபம். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பாவம், அந்த மனிதர் ஒரு மூலையில் கூட்டல் கணக்கைப் போட்டுவிட்டு மறுமூலைக்கு ஓடி இங்கிலீஷ் நடத்துவார். நடத்துவார் என்பதைவிட நடிப்பார் என்று சொல்வதுதான் சரி. "ஐ கோ" என்று சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் நடப்பார். அதோடு நிற்காமல் வெளியே இறங்கிப் பலாமரத்தடிக்கும் போய்விடுவார். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து மேசையருகே நிற்பார்.

"சேர், போனீங்க, சரி. திரும்பி வந்தீங்களே, அதுக்கு என்னா?" என்று கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒருவன் கேட்டான்.

"அது வேற பாடம். இப்ப இதப் படி" என்றார்.

ஒரு சொல் வாயில் நன்றாகப் பழகாமல் அடுத்த சொல்லைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையின் புண்ணியத்தில் அந்தப் பள்ளித் தவணை முழுக்க நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். பள்ளிக்கூடம் போனோம், பஜாருக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம். இங்கிலீஷில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் போகாத இடமில்லை.

அன்றன்றைய பாடத்தை அன்றன்றைக்கே சித்தியிடம் ஒப்பிக்க வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்குள்ளும் இருந்த ஏற்பாடு. சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறக்குமுன்பே காலமாகிவிட்டதால் சித்தி எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். நான் பிறந்ததும் என்னைத் தூக்கிவைத்திருக்க ஆள் வேண்டும் என்று அவளை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷ் தொடங்குவது மூன்றாம் வகுப்பில். கொஞ்சம் பொறுத்துப் பிறந்திருந்தால் சித்தி நாலு வார்த்தை இங்கிலீஷ் படித்திருப்பாள் என்பது வீட்டில் எனக்கு எப்போதும் இருந்த கெட்ட பேர்.

"ஒன்ன இடுப்புல தூக்கி வச்சப்பதான்டி நான் சிலேட்டக் கீழ வச்சேன்" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். "நீ படிச்சத எனக்குச் சொல்லிக் குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா?"

சித்திக்குப் பால் வெட்டும் வேலை. விடியும்போதே ரப்பர் மலைக்குப் போய் மரங்களைக் கீறிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவாள். அந்நேரம் எனக்கும் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு கல் உண்டு. அதில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். விரல்களிலெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். அதை நூல் நூலாக உரித்து எடுப்பது எனக்குக் கொள்ளை ஆசை. நான் உரித்துக்கொண்டே பாடம் சொல்லுவேன், அவள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே திருப்பிச் சொல்லுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, சித்தி நல்ல கெட்டிக்காரி. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கிராமத்திலிருந்து வெற்றிலை கொண்டுவரும் ஆட்களோடு அவள் பேசுவதைக் கேட்டால் தோட்டத்துப் பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இங்கிலீஷ் என்று வந்ததும் அவளுக்குக் கூச்சம் வந்துவிடும். "ஐ கோ" என்பதைத் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவாள், அதுவும் தனக்கே கேட்காத குரலில். எனக்கா, பொறுமை கிடையாது. வாத்தியார் என்னிடம் காட்டிய அதிகாரத்தையெல்லாம் சேர்த்து வைத்து நான் சித்தியிடம் காட்டுவேன். "சத்தமா! இன்னொருக்கா!" என்று தொடையில் தட்டுவேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவில்தான் பாஸ்போட் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்கள் யார் இந்தியாவுக்கு, யார் சிலோனுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பங்கு போட்டிருந்தன. நாங்களும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா, "பொறந்தது இங்க, இங்கயே இருப்போம்" என்று எழுதினார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, மேல் லயத்தில் இருந்தார். அவர் இந்தியாவுக்கு எழுதினார். சித்தி அப்போது சின்னப் பிள்ளை. கலியாணமாகாத தங்கச்சியை அண்ணன் பேரோடு சேர்ப்பதுதான் முறை என்று அவள் பேரையும் தன் பேருக்குக் கீழே போட்டுவிட்டார். சோறு எங்கள் வீட்டில், பேர் மாமா வீட்டில். எழுதிப் போட்டவர்களுக்கு வருஷக்கணக்காக ஒரு பதிலும் வராததால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வந்தபோது எல்லாருக்கும் சேர்த்து வந்தது. மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகளுக்கும், சித்திக்கும்.

அம்மா மேல் லயத்துக்கு ஓடினாள். தம்பி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டே ஓடினாள். நானும் பின்னாலே ஓடினேன்.

"அண்ணே, அவள மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்கண்ணே. நான் வளத்த புள்ளண்ணே அது."

"விட்டுட்டு? பேரு அதுல இருக்குதும்மா. அரிசிக் கூப்பனு வெட்டிருவான், வேலையால நிப்பாட்டிருவான். நாளைக்கே பொலிஸ்காரன் வந்து தனியா ஏத்திக்கிட்டுப் போவான். அதுக்கு நீ சம்மதமா?" என்றார் மாமா. பிறகு குரலை இறக்கி, "சொந்த ஊருக்குத்தானே போறோம்" என்றார். மாமா பக்கத்து டவுனான இறக்குவானைக்கு அந்தப் பக்கம் போனவரல்ல. இருந்தாலும் அந்தச் சொந்த ஊரைப் பற்றி, நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவர்போலப் பேசுவார்.

அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். போனால் என்ன, திரும்பி வருவாளா மாட்டாளா? அதைத் தெரிந்துகொண்டால் போதும். அன்று பின்னேரமே பீலியடியில் கேட்டேன்.

"சித்தி, நீ திரும்பி வருவியா?"

"ஏன்டி, அதுக்குள்ள என்னய அனுப்பி வச்சிட்டியா?" என்று என் தலையில் தண்ணீரைத் தெளித்தாள்.

மறுநாளும் கேட்டேன். "மொதல்ல போக விடு" என்றாள். அதற்கு அடுத்தும் கேட்டேன். பாடத்தைச் சொல்லு என்றாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடமிருந்து பதில் வாங்கவே முடியவில்லை. வாங்காமல் விடுவதில்லை என்று நானும் இருந்தேன்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை நல்ல மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, ஆகவே சித்தி வீட்டில் இருந்தாள். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வரைக்கும் வாத்தியார் மாதிரியே நடந்து, திரும்பி நின்று, லயமே கேட்கும்படி "ஐ கோ!" என்றேன்.

"என்னாடி அது?" என்றாள் அம்மா.

"நான் போறேன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். அம்மா பிள்ளையைச் சித்தியின் மடியில் போட்டுவிட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அடிப் பாவி! பயணம் போறவ இருக்குற வீட்டுல வாசப்படில நின்னு சொல்ற வார்த்தையா இது? போறேன்னு பொணங்கூடச் சொல்லாதுடி!"

எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. கடைக்குப் போகிறவரும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளும் "போயிட்டு வர்றேன்" என்பாள். சொன்னால்தான் போன கால் திரும்பும். சொல்லாமல் வெறும் "போறேன்" என்று இறங்கினால், அது போனதுதான். ஆனால் இந்தச் சட்டம் தமிழுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். இங்கிலீஷுக்கும் உண்டு என்று யார் கண்டது?

அம்மா என்னைப் பாயில் உட்கார வைத்து, ஒரு குவளைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, நெற்றியில் விபூதி பூசினாள். அப்போதுதான் கெட்ட வார்த்தை கழியுமாம். பிறகு, புதிதாகக் கிளம்புகிறவள்போல எழும்பிப் போகச் சொன்னாள்.

"வாத்தியாரு பள்ளிக்கூடத்துல என்னத்தயும் சொல்லட்டும். இந்த வூட்டுல அந்த வார்த்தைக்குப் போயிட்டு வர்றேன்னுதான் அர்த்தம். வெளங்குதா?"

"வெளங்குது" என்றேன். வேறென்ன சொல்ல? அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அங்கேயும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பின்னேரம் மழை விட்டு, பீலியில் தண்ணீர் கலங்கி விழுந்துகொண்டிருந்தது. சித்தி கல்லில் உட்கார்ந்து, யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நெசமாலுமே அதுக்கு என்னாடி அர்த்தம்? வர்றது அதுக்குள்ள இல்லியா?"

"அம்மா இருக்குன்னு சொன்னாங்களே."

"அக்காவுக்கு என்னா இங்கிலீசு தெரியும்? நீ ஒங்க சேரக் கேட்டு வா."

மறுநாள் கேட்டேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கோ என்றால் போவது. அவ்வளவுதான். வருவதற்கு வேறே சொல் இருக்கிறது" என்றார். அதை அப்படியே சித்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சித்திக்கு அது ஆச்சரியமாகப் போய்விட்டது. "அப்ப வெள்ளக்காரங்க வீட்டவிட்டுப் போறப்ப வர்றேன்னு சொல்லமாட்டாங்களா?" என்றாள்.

எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் நான் ஆசிரியை, தெரியாது என்று சொல்லக்கூடாது. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரையின் ஞாபகம் வந்தது. அவர் போகும்போது ஆபீஸ் முன்னால் மாலை போட்டு, மேளமடித்து அனுப்பி வைத்ததாக அப்பா சொல்லுவார். "சொல்லமாட்டாங்க சித்தி. அந்தத் துரை போனாரே, திரும்பி வந்தாரா?" என்றேன். நியாயமான விளக்கமாகவே எனக்குப் பட்டது.

"வரலதான்" என்றாள் சித்தி. பீலித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டே, "ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க பாரு" என்றாள். அன்றைக்கு நான் விரலில் ரப்பரை உரித்தபோது அவள் முகத்தைச் சுளிக்கவே இல்லை.

பயண நாள் குறித்தாகிவிட்டது. கஹவத்தையில் பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கோச்சி ரயிலில் தலைமன்னார், பிறகு கப்பல். மாமா பஜாரிலிருந்து தகரப் பெட்டிகள் வாங்கி வந்தார். அங்கே கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பெட்டி நிறையக் குளிக்கிற சவர்க்காரம் அடுக்கினார்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வீடாகப் பயணம் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் மனஸ்தாபமாகிவிடும். மாமாவும் மாமியும் ஒரு பக்கம் போக, சித்தி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போனாள். வாசலில் நின்று "போயிட்டு வர்றேன்" என்பாள். "போயிட்டு வா தாயி" என்பார்கள். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். சில வீட்டில் ஒரு தேங்காய், சில வீட்டில் கொஞ்சம் அழுகை. அடுத்த வாசல். அங்கேயும் "போயிட்டு வர்றேன்".

எனக்கு மெல்ல மெல்ல மனது குளிர்ந்துகொண்டு வந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் அனுபவித்ததில்லை. என்னிடம் சொல்லாமல் இழுத்தடித்த பதிலை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறாளே! இத்தனை பேரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருக்க முடியுமா? கோயில் பூசாரியிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அவரை யாராவது ஏமாற்றுவார்களா?

கடைசியாகத் தோட்டத்து எல்லையைக் கடந்து, கிராமத்தில் வெற்றிலைக்கொடி வைத்திருந்த சிங்களத்து அம்மே வீட்டுக்கும் போனோம். சித்தியிடம் அவளுக்கு உயிர். சித்தி குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "கிஹின் என்னம் அம்மே" என்றாள். சிங்களத்திலும் அதே பேச்சுத்தான், போய்விட்டு வருகிறேன் அம்மா. "கிஹின் என்ன துவே" என்று அம்மே அவள் தலையைத் தடவினாள். போய்விட்டு வா மகளே. ஆகத் தமிழிலும் சொல்லிவிட்டாள், சிங்களத்திலும் சொல்லிவிட்டாள். இனி என்ன வேண்டும்?

ஒன்று வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"எல்லாருக்கும் சொன்னியே சித்தி, எனக்குச் சொல்லலியே?"

"ஒனக்குக் கடைசியாச் சொல்றேன்."

"போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

"நட, இருட்டுது" என்றாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் வலித்தது. ஆனாலும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பயணத்தன்று காலையில் தோட்டத்து லொறி லயத்தடிக்கு வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமியும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். லயத்துச் சனம் முழுவதும் வெளியே நின்றது. சித்தி சீலை கட்டியிருந்தாள், கொசுவம் காலில் தட்டத் தட்ட நடந்து வந்தாள். பால் வாளி இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தம்பியை வாங்கி முத்தம் கொடுத்தாள். "அக்கா, போயிட்டு வர்றேன்" என்றாள். அம்மா விபூதி பூசினாள். "போயிட்டு வாம்மா" என்று சொல்லத் தொடங்கியவள் பாதியிலேயே உடைந்துபோய்ச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரையும் பிரித்தெடுக்க அப்பா வரவேண்டியிருந்தது.

பிறகு என் முறை. அவள் சொன்னதும் பெரிய மனுஷிபோல "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும் என்று ஆயத்தமாக நின்றேன். சித்தி என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"போயிட்டு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "போயிட்டு..." என்றாள். லொறியின் ஹோன் அடித்தது.

சித்தி தரையைப் பார்க்கவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, நன்றாக, தெளிவாக, "ஐ கோ" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் வாயைத் திறக்காதவள், ஊர் சனம் முன்னால் இங்கிலீஷ் பேசிவிட்டாள்! நான் குதித்துக்கொண்டு கைதட்டினேன். "பாருங்க, எங்க சித்தி இங்கிலீசு பேசிட்டா! நாந்தான் சொல்லிக் குடுத்தேன்!" என்று கத்தினேன். அழுதுகொண்டு நின்ற சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. சித்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழும்பி, திரும்பிப் பார்க்காமல் லொறியில் ஏறினாள். லொறி வளைவில் இறங்கி ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது.

"என்னாடி சொன்னா ஒங்கிட்ட?" என்று அம்மா கேட்டாள்.

வீட்டில் அதற்கு என்ன அர்த்தமோ அதையே சொன்னேன். "போயிட்டு வர்றேன்னு சொன்னா."

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பீலியடிக்குப் போகாமல் ரோட்டு முனைக்குப் போய் பஸ் பார்ப்பேன். சீலை கட்டிய பெண் யார் இறங்கினாலும் கிட்டே ஓடிப்போய்ப் பார்ப்பேன். சித்தியிடம் சொல்ல எத்தனையோ புதுச் சொற்கள் சேர்ந்து கிடந்தன. வழியில் என்னைக் காணும்போதெல்லாம் வெற்றிலைக்கொடி அம்மே, "துவ தவம ஆவே நெத்த?" என்று கேட்பாள். மகள் இன்னும் வரவில்லையா என்று. இன்னும் இல்லை, ஆனால் வருவாள் என்பேன். நீலகிரிப் பக்கத்திலிருந்து எப்போதாவது கடிதம் வரும். அங்கேயும் தேயிலைதான், குளிர்தான் கூட என்று மாமா எழுதியிருப்பார். அடியில் எல்லாரும் சுகம் என்று ஒரு வரி இருக்கும். அந்த 'எல்லாரும்' என்பதற்குள் சித்தி இருந்தாள். பிறகு அங்கேயே அவளுக்குக் கலியாணமாயிற்று. பிறகு கடிதமும் நின்றது. அவளை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இந்த வயதிலும் பஸ்ஸிலிருந்து கொசுவம் தட்ட யாராவது இறங்கினால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள், பூசாரியிடம் சொன்னாள், அம்மேயிடம் சிங்களத்தில் சொன்னாள். எனக்கு மட்டும் ஏன் வேறு பாஷை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உண்மையைத் தமிழில் சொன்னால் அம்மாவால் தாங்க முடியாது. ஆகவே, சுற்றி நின்றவர்களுக்கு விளங்காத, அம்மாவே வீட்டில் வேறு அர்த்தம் கொடுத்துவிட்ட ஒரு சொல்லில், நான் தினமும் கேட்ட கேள்விக்குப் பதிலை எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நானோ, என் மாணவி ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டாளே என்று கைதட்டிக்கொண்டு நின்றேன்.